இறக்கை இல்லாத விசுவாசம்

மால்டாவின் தலைநகரான வாலெட்டா கடலுக்குள் நீட்டிய விரல்போல இருக்கிறது. அந்த விரலின் நுனியில் செயின்ட் எல்மோ கோட்டை. ஒரு பக்கம் பெருந்துறைமுகம், மறுபக்கம் மார்சாம்செட் துறைமுகம். இரண்டில் எதற்குள் நுழைவதானாலும் இந்தக் கோட்டையின் கண்ணில் படாமல் நுழைய முடியாது. அதற்காகத்தான் 1552-இல் புனித யோவான் சபை வீரர்கள் இதைக் கட்டினார்கள். 1565-இல் துருக்கியப் படை இதைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொண்டது.

இன்று கோட்டைக்குள் தேசியப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு விமானம் நிற்கிறது. சரியாகச் சொன்னால் விமானத்தின் உடல் மட்டும் நிற்கிறது. மூக்கில் எஞ்சின், நடுவில் விமானி உட்காரும் குழி, பின்னால் இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய வால். இறக்கை கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு தட்டு இறக்கை இருந்திருக்க வேண்டிய விமானம் அது. இறக்கை இல்லாமல் பார்க்கும்போது, கைவிரித்துப் பேசுகிறவரின் கைகளைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கிறது.

அதன் எண் என்5520. அதன் பெயர் ‘ஃபெய்த்’. தமிழில் விசுவாசம்.

இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயரில் க்ளோஸ்டர் கம்பெனி செய்த கிளாடியேட்டர் வகை அது. 1934-இல் இந்த வகை முதன்முதலாகப் பறந்தபோது நல்ல விமானம். சில வருடங்களில் ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும் வந்துவிட, பழைய மாடல் ஆகிவிட்டது. பிரிட்டிஷ் வான்படை வாங்கிய கடைசி இருதட்டுப் போர் விமானம் இதுதான். கடற்படைக்கென்று செய்ததில் ஒரு கொக்கி கூடுதல். கப்பலின் தளத்தில் இறங்கும்போது குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி நிற்பதற்காக. நம் என்5520 அந்தக் கடற்படை வகை.

ஆனால் மால்டாவில் அது கப்பலில் நிற்கவில்லை, பெட்டியில் கிடந்தது. ‘க்ளோரியஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு மாற்று விமானங்களாகப் பதினெட்டு கிளாடியேட்டர்களைப் பிரித்து மரப்பெட்டிகளில் அடைத்து, தீவின் தென்கிழக்கில் கலஃப்ரானா தளத்தில் வைத்திருந்தார்கள். 1940 ஏப்ரலில் நார்வேயில் சண்டை மூண்டதும் க்ளோரியஸ் அவசரமாகக் கிளம்பியது. சில பெட்டிகள்தான் போயின. மற்றவை கிடங்கிலேயே தங்கின.

அந்த நேரத்தில் மால்டாவில் ஒரு போர் விமானம்கூடக் கிடையாது. இத்தாலியின் சிசிலி நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. தீவின் வான்படைத் தலைவர் ஏர் கமடோர் மேனார்டுக்குப் பெட்டிகளின் நினைவு வந்தது. கடற்படையிடம் கேட்டார், கிடைத்தது. ஹால்ஃபார் ஓடுதளத்தில் மெக்கானிக்குகள் பெட்டியை உடைத்து, இறக்கையை மாட்டி, கம்பிகளை முறுக்கி நிறுத்தினார்கள். உடனே, மறுபடி பிரித்துப் பெட்டியில் அடைக்கச் சொல்லி உத்தரவு. பிரித்தார்கள். பிறகு, வைத்துக்கொள்ளலாம் என்று மறு உத்தரவு. திரும்ப மாட்டினார்கள். கிராமத்துக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுப் பிரித்துப் போட்ட கதைதான்.

ஓட்டுவதற்குச் சண்டை விமானிகளும் இல்லை. மேனார்டின் உதவியாளரான ஜார்ஜ் பர்ஜஸ் கடல் விமானம் ஓட்டிப் பழகியவர். அவரைப்போல வேறு வேலைக்கென்று தீவில் இருந்தவர்கள் பேர் கொடுத்தார்கள்.

இங்கே தேதிகளைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1940 ஜூன் 8 அன்று நார்வேக் கடலில் இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் க்ளோரியஸை மூழ்கடித்தன. அதோடும் துணைக்கு வந்த இரண்டு நாசகாரிக் கப்பல்களோடும் 1,500 பேருக்கு மேல் போய்விட்டார்கள். இரண்டே நாள் கழித்து, ஜூன் 10 மாலை, இத்தாலியின் முசோலினி போர் அறிவித்தார். அடுத்த நாள் விடிந்ததும் மால்டாமேல் முதல் குண்டு விழுந்தது. எல்லாப் பெட்டிகளும் தாய்க்கப்பலோடு போயிருந்தால் அன்று காலை எழும்ப ஒன்றும் இருந்திருக்காது. விட்டுவிட்டுப் போன சரக்குதான் காவலுக்கு வந்தது.

எழும்பியதே தவிர, துரத்திப் பிடிக்க அதற்குத் தெம்பு இல்லை. கிளாடியேட்டரின் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வந்த இத்தாலியக் குண்டுவீச்சு விமானமான சவோயா-மார்க்கெட்டி எஸ்எம் 79 அதைவிட வேகம். பின்னால் போனால் புகையைத்தான் பார்க்கலாம். ஒரே வழி, எதிரி வருமுன்பே உயரத்துக்குப் போய்க் காத்திருந்து, மேலிருந்து பாய்வது. அதற்கு முன்னறிவிப்பு வேண்டும். சிசிலியிலிருந்து வருகிற விமானத்துக்கு வழி கால்மணி நேரம்தான். அந்தக் கால்மணியில் யாராவது பார்த்து, யாராவது கணக்குப் போட்டு, யாராவது சொல்லவேண்டும்.

பார்த்தது டிங்லி மலைமுகட்டில் 1939-இலேயே வைத்த ராடார். கணக்குப் போட்ட இடத்தைத் தேடினால் கோட்டையை விட்டு ஊருக்குள் நடந்து, மேல் பராக்கா தோட்டத்துக்குப் போக வேண்டும். தோட்டத்துச் சுவரில் சாய்ந்தால் பெருந்துறைமுகம் மொத்தமும் கண்ணெதிரே விரியும். சுவருக்குக் கீழே மரியாதை வேட்டுப் பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. இன்றும் நண்பகலில் ஒன்று வெடிக்கும். அந்தப் பீரங்கிகளுக்கும் 40 மீட்டருக்கு மேல் கீழே, பாறைக்குள், லஸ்காரிஸ் போர் அறைகள் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் சபையை ஆண்ட பெருந்தலைவர் ஒருவரின் பெயர் அது.

மால்டாவின் கல் மஞ்சள் நிறம். வெட்டும்போது ரம்பத்துக்கு இசையும். காற்றுப் பட்டால் இறுகும். தீவின் வீடு, கோவில், கொத்தளம் எல்லாம் அந்தக் கல்தான். போர் வந்ததும் மக்கள் பதுங்குகுழி வெட்டியதும் அதில்தான். 1940-இலிருந்து ராணுவமும் அதையே குடைந்தது. சுரங்க அலுவலகம் முழுதாக முடிய 1943 ஆனது. கிளாடியேட்டர்கள் முதன்முதலில் பறந்த வாரங்களில் இந்த அறைகள் தயாராகவில்லை. வான்படையின் கட்டுப்பாட்டு அறை பிறகுதான் இங்கே இறங்கியது. ஆனால் அந்தப் பழைய விமானம் எதற்காகத் தவித்தது என்பது இங்கே வந்தால்தான் புரியும்.

சரிவான சுரங்கத்தில் இறங்கிப் போனால் ஒரு பெரிய மேசை. அதன்மேல் மால்டாவும் சிசிலியும் வரைந்த படம், கட்டம் போட்டு. சுற்றிலும் பெண்கள், காதில் கேட்புக் கருவி, கையில் நீளக் கழி. ராடார் நிலையத்திலிருந்து எண்கள் வரவர, கழியால் காய்களை நகர்த்துவார்கள். ஒவ்வொரு காயிலும் எத்தனை விமானம், எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். மேலே உயரமான மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்து, தாயக்கட்டம் பார்ப்பதுபோல் அந்த மேசையைப் பார்த்து, எந்தத் தளத்திலிருந்து எப்போது எழும்ப வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். அங்கிருந்தவர்கள் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. தலைக்குமேல் பாறை. மேலே விழுகிற குண்டும் மேசைமேல் ஒரு காய்தான்.

அங்கே வேலை செய்த பெண்களில் பெயர் நின்றது கிறிஸ்டினா ராட்கிளிஃப். இங்கிலாந்திலிருந்து நடனக் குழுவோடு பிழைக்க வந்தவர். போர் வந்ததும் ஊர் திரும்ப முடியாமல் தங்கியவர். 1941-இல் காய் நகர்த்துகிற வேலையில் சேர்ந்து, அந்தப் பெண்களில் ஒரு குழுவுக்குத் தலைவியாக உயர்ந்தார். அவரும் ஒருவகையில் பெட்டியில் விடப்பட்ட சரக்குதான். இருந்த இடத்தில் தேவைப்பட்டார்.

மேலே, கிளாடியேட்டர்களின் நாட்கள் சீக்கிரம் முடிந்தன. 1940 ஜூன் 22 அன்று பர்ஜஸ் ஒரு எஸ்எம் 79-ஐ வீழ்த்தினார். ஆனால் விமானங்களும் தேய்ந்தன. உதிரி பாகம் கிடைக்காததால் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டினார்கள். பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்துக்கென்று இருந்த எஞ்சினைக்கூட இதில் பொருத்திப் பார்த்தார்கள். ஜூலை 31 அன்று ஒரு கிளாடியேட்டர் தீப்பிடித்து விழுந்தது. விமானி பீட்டர் ஹார்ட்லி கடுமையான தீக்காயத்தோடு பிழைத்தார். இன்னொன்று தரையில் நின்றபடியே குண்டுக்கு இரையானது. ஜூன் மாதமே சில ஹரிக்கேன்கள் வந்திருந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் மேலும் 12 வந்தன. அதன் பிறகு கிளாடியேட்டர் பழைய ஆள்.

பெயர்கள் ஒட்டியது அதற்குப் பின்னால்தான். ஃபெய்த், ஹோப், சாரிட்டி: மூன்றே விமானம் ஒரு தீவைக் காத்தன என்று ஊர் பேசியது. உண்மையில் மூன்றுக்கு மேல் இருந்தன. பறக்கிற நிலையில் ஒரே நேரத்தில் மூன்று இருப்பதே அபூர்வம் என்பதும் உண்மை. ஓட்டியவர்களுக்கு அந்தப் பெயர்கள் அப்போது தெரியாது. எண் வைத்துத்தான் பேசினார்கள்.

அந்தப் பெயர்கள் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலிருந்து வந்தவை. தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று உடனே வரும். அதே வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில், கப்பல் உடைந்து பவுல் கரையேறிய தீவின் பெயர் மெலித்தா. அது இந்த மால்டாதான். தங்கள் தீவில் கரையொதுங்கியவரின் கடிதத்திலிருந்தே பெயர் எடுத்துக்கொண்டார்கள் என்றால், அதில் வியக்க ஒன்றுமில்லை. கணக்குக்குப் பொருந்தாத மூன்று, மனசுக்குப் பொருந்தியது.

பெயர் வாழ்ந்தது, விமானம் வாழவில்லை. என்5520-இன் உடல் கடைசியில் கல்கரா பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் குப்பையோடு கிடந்தது. பேர் சொல்லிக் கொண்டாடிய பொருளுக்குக் காயலான் கடை மரியாதைதான். பிறகு யாருக்கோ நினைவு வந்து தேடி எடுத்துத் துடைத்தார்கள். 1943 செப்டம்பர் 3 அன்று, வாலெட்டாவின் அரண்மனைச் சதுக்கத்தில், ஏர் வைஸ் மார்ஷல் கீத் பார்க் அதை மால்டா மக்களுக்குக் கொடுத்தார். தலைமை நீதிபதி ஜார்ஜ் போர்க் மக்கள் சார்பில் வாங்கிக்கொண்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் லஸ்காரிஸ் சுரங்கத்தில், வெளியே ஜூலை வெயில் காய, நேசநாட்டுப் படைத்தலைவர் ஐசன்ஹோவர் உட்கார்ந்து சிசிலிப் படையிறக்கத்தை நடத்தினார். விமானத்தைக் கொடுத்த அதே செப்டம்பர் 3 அன்று சிசிலியின் கசீபிலேயில் இத்தாலி ரகசியமாகச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சதுக்கத்தில் கைதட்டிய கூட்டத்துக்கு அது தெரியாது. ஒரு வாரத்தில் இத்தாலியக் கப்பல்படை தானே வந்து மால்டாவின் பீரங்கிகளுக்கு அடியில் நங்கூரம் போட்டது.

சுரங்கம் 1977 வரை ராணுவக் கையில் இருந்தது. பிறகு பூட்டிக் கிடந்து, இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. விமானம் 1975-இல் திறந்த அருங்காட்சியகத்தில், செயின்ட் எல்மோவுக்குள் வந்து சேர்ந்தது.

அது வந்து சேர்ந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1940 ஜூன் 11 காலை, கிளாடியேட்டர்கள் ஹால்ஃபாரிலிருந்து எழும்பிய அன்று, முதல் தாக்குதலின் குண்டு ஒன்று இந்தச் செயின்ட் எல்மோவின் உயர்மேடைமேல் விழுந்தது. அங்கே காவலில் இருந்த ராயல் மால்டா பீரங்கிப் படையினர் ஆறு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவன் பதினாறு வயதுப் பையன். மால்டா கொடுத்த முதல் உயிர்களில் சில அவை. கிளாடியேட்டர்களால் அன்று அதைத் தடுக்க முடியவில்லை. உயரம் ஏறப் போதிய நேரம் கிடைக்கவில்லை.

அந்த மேடைக்குக் கீழே, அதே கோட்டைக்குள், இறக்கை இல்லாமல் நிற்கிறது விசுவாசம். அன்று வர முடியாத இடத்துக்கு முப்பத்தைந்து வருடம் கழித்துத் தரைவழியாக வந்திருக்கிறது.