குளிர்ந்த யந்திரமும் எஸ்பியர்க் துறைமுகமும்

1864ஆம் வருஷத்து யுத்தத்தில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பிரதேசங்களைப் பறிகொடுத்த டென்மார்க், இங்கிலாந்தோடு வியாபாரம் செய்ய மேற்குக் கரையில் சொந்தமாக ஒரு துறைமுகம் வேண்டுமென்று 1868இல் சட்டம் இயற்றியதன் பயனாகவே, சில பண்ணை வீடுகளைத் தவிர வேறொன்றும் இல்லாதிருந்த கரையில் எஸ்பியர்க் பட்டணம் எழுந்தது. ஏற்றுமதிக்காகக் கட்டப்பட்ட அந்தத் துறைமுகமே பின்னர் அந்நாட்டின் தலைசிறந்த மீன்பிடித் துறையாகவும் விருத்தியடைந்தது.

மீன்பிடிப் படகுகளில் பாய்மரத்தின் இடத்தைப் பிடித்த அக்காலத்து யந்திரம், காற்றை அழுத்திய உஷ்ணத்தினால் மட்டுமே எண்ணெயைக் கொளுத்திக்கொள்ளும் வலிமையற்றது. ஆகையால் அதன் தலையிலுள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கின் சுவாலையில் பல நிமிஷங்கள் காய்ச்சிய பிறகே, கனத்த சக்கரத்தைச் சுழற்றி அதைக் கிளப்ப வேண்டியிருந்தது. பொழுது விடியாத ஜனவரியில், விரல்கள் மரத்துப்போன நிலையில், இதைச் செய்தவர்களின் பொறுமையை நான் வியக்கிறேன். ஓடத் தொடங்கிவிட்டால் குமிழ் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். குளிர்விப்பதற்கோ சமுத்திர ஜலமே இருந்தது. சிறிது ஒழுகினாலும் குறைந்துபோகாத கொள்கலம் அது! எனினும் உறைபனி இரவில் யந்திரத்துள் தங்கிய நீரை வடித்துவிடாமல் போனால், உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருகும் அந்நீர் இரும்பையும் பிளந்துவிடும்.

மோட்டார் வண்டிக்கு அந்தச் சமுத்திரம் இல்லை. தொடக்க காலத்துச் சாரதிகள் இரவில் ரேடியேட்டரை வடித்தார்கள், அல்லது ஆவியாகிவிடும் சாராயத்தைக் கலந்தார்கள். எதிலீன் கிளைகால் பிற்பாடே வழக்கத்துக்கு வந்தது. கடற்காற்றால் தணிந்த எஸ்பியர்க்கின் குளிருக்கு, நார்வேயிலும் ஸ்வீடனிலும் போல, நிற்கும் யந்திரத்தை மின்சாரத்தால் சூடாக்கிவைக்கும் பிளாக் ஹீட்டர் அத்தியாவசியமன்று. ஆயினும் சில பழைய வண்டிகளில் அது உண்டு.

அந்த ஹீட்டர் உள்ள வண்டியில், குளிர்விக்கும் திரவமாகிய கூலன்ட் கசியும் பழுதின் சூட்சுமம் இதுதான்: வார்ப்பின்போது விடப்பட்ட துவாரங்களை அடைக்கும் மெல்லிய தகட்டு மூடிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ரப்பர் வளையத்தோடு ஹீட்டரைப் பொருத்துவது பல வண்டிகளில் வழக்கம். வயதால் இறுகிய ரப்பர் குளிரில் சுருங்கிக் கூலன்டைக் கசியவிடும். யந்திரம் சூடேறினால் விரிந்து அடைத்துக்கொள்ளும். எனவே ஓடிவந்த வண்டியைச் சோதிக்கும் மெக்கானிக் ஒன்றும் காணமாட்டார். இரவெல்லாம் குளிர்ந்த யந்திரத்தில், வளையத்தின் ஓரமாகப் படிந்த பொருக்கைத்தான் தேடவேண்டும். கூலன்டின் மட்டம் குறைந்து ஹீட்டரின் கம்பிச்சுருள் அதற்கு வெளியே நின்றால் ஹீட்டரும் கருகிவிடும். இரண்டு நோயாகத் தோன்றுவது பெரும்பாலும் ஒன்றே. 230 வோல்ட்டில் 500 வாட் ஹீட்டர் சுமார் 106 ஓம் காட்டவேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிடில் சுருள் அறுந்திருக்கும், அல்லது உப்புக்காற்றில் பிளக்கின் முனை அரித்துப்போயிருக்கும். முதலில் பிளக்கைப் பார்ப்பதே செலவு குறைந்த வழி.