பிரேசரின் வெண்கலப் பணிக்களம்: நினைவுச் சின்னமும் மேற்புலப் படிமமும்

முன்னுரை

வெண்கலச் சிற்பி ஒருவருடைய பணிக்களத்தை ஆராய்வார், அங்கு உருவானவற்றைப் பொருள்வகையால் பிரித்து நோக்குதல் வழக்கம். அமெரிக்க ஒன்றிய நாடுகளின் சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் பிரேசருடைய (1876–1953) படைப்புகளையும் அவ்வாறே இருகூறாக்குவர். அரசியல் தலைவர்க்கும் போர்வீரர்க்கும் எழுப்பிய நினைவுச் சின்னங்கள் ஒருபுறம். பழங்குடி வீரன், குதிரை, காட்டெருமை முதலாய மேற்புலப் பொருள்கள் மறுபுறம். மேற்புலம் என்று ஈண்டு யாம் குறிப்பது மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்துகிடக்கும் புல்வெளியையும் மலையையுமேயன்றி ஐரோப்பாவை அன்று.

இப்பகுப்பு பட்டியலிடுவார்க்கு எளிதாயினும் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று என்பதே எம் கருத்து. பிரேசரின் மேற்புலப் படைப்புகளுள் தலையாயது தன்னளவில் ஒரு நினைவுச் சின்னமே. அவருடைய நினைவுச் சின்னங்களுள் பெரும் பூசலுக்கு உள்ளானது மேற்புலப் பொருளைத் தன்னகத்தே கொண்டதே. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி இரண்டும் விளங்கா. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் பயிற்சியும்

பிரேசர் 1876ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மின்னசோட்டா மாநிலத்து வினோனா நகரில் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதைப் பொறியாளர். அவர் பணியின் பொருட்டுக் குடும்பம் டகோட்டா நிலப்பகுதிக்குப் பெயர்ந்தது. பிரேசர் பிறந்த அதே ஆண்டு ஜூன் திங்களில்தான் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் மக்கள் கஸ்டரின் படையை வென்றனர். அவ்வெற்றி நிலைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அம்மக்கள் ஒதுக்கிடங்களுள் அடைக்கப்பட்டனர். 1887இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்தம் பொதுநிலத்தைக் கூறிட வழி செய்தது. 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்னுமிடத்தில் படுகொலை நிகழ்ந்தபோது பிரேசருக்கு வயது 14. பழங்குடியினர் ஒருநாள் பசிபிக் கடலுள் தள்ளப்படுவர் என்று முதிய வேட்டைக்காரர் ஒருவர் கூறக் கேட்டதைப் பிரேசர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் அவர் வனைந்த உருவத்துக்கு வித்து இச்சொல்லே.

சிகாகோ கலைக்கழகத்தில் தொடங்கிய பயிற்சி பாரிசு நகரில் தொடர்ந்தது. ஆங்கு அவருடைய திறத்தைக் கண்ட பெருஞ்சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் அவரைத் தம் துணைவராக ஏற்றார். 1903இல் நியூயார்க்கில் நாட்டப்பெற்ற செர்மன் குதிரைச் சிலைக்கான பணியில் பிரேசருக்கும் பங்குண்டு. போர்த்தலைவரை மக்கள் நினைவில் நிறுத்தும் வகையும், குதிரையின் உடலசைவை வெண்கலத்துக்குக் கொணரும் வகையும் ஒரே பணிக்களத்தில் அவருக்கு வாய்த்தன. 1902இல் நியூயார்க்கு மக்டூகல் சந்தில் தமக்கெனப் பணிக்களம் அமைத்தார். 1913இல் அவர் மணந்த லாரா கார்டின் அம்மையாரும் சிற்பியே.

வார்ப்பு முறை

சுவாமிமலைப் பதுமை வார்ப்போர் முறையை நாம் அறிவோம். மெழுகினால் உருவம் சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி நீக்கி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். பின்பு மண்ணச்சை உடைத்தே படிமத்தை வெளிக்கொணர்வர். ஒரு மெழுகுருவுக்கு ஒரு படிமமே உண்டு. அதன் நேர்ப்படி பிறிதொன்று இல்லை.

பிரேசர் காலத்து அமெரிக்கப் பணிக்களத்தின் நெறி வேறு. சிற்பி இரும்புச் சட்டத்தின்மேல் களிமண்ணால் உருவம் வனைவார். அதனின்று அச்செடுத்துச் சாந்துப்படி செய்வர். சிறிய படியைப் புள்ளி புள்ளியாக அளந்து பேருருவாக்குவர். அதன்பின்னரே வார்ப்பாலை. ஆங்கே சாந்துப்படியினின்று மணலச்சோ மெழுகச்சோ எடுத்து வெண்கலம் வார்ப்பர். மேற்புலச் சிற்பத்துக்கு வழி வகுத்த பிரெடரிக் ரெமிங்டனின் குதிரைவீரன் உருவம் 1895இல் மணலச்சில் வார்க்கப்பட்டது. பின்னர் ரோமன் பிரான்ஸ் வார்ப்பாலையில் மெழுகு முறைக்கு மாறியது.

இதனால் விளைவது யாது? சிற்பியின் கைபட்டது களிமண். அதன் வடிவைக் காத்து நிற்பது சாந்து. வெண்கலம் அவற்றின் வழிவந்த படி. ஒரு மூலத்தினின்று பல அளவில் பல படிகள் பிறக்கலாம். ஒரே படிமம் செல்வர் மேசைமீதும் ஊர்ப்பொதுவிலும் நிற்றல் கூடும். இவ்வுண்மையை மனங்கொண்டாலன்றி, அடுத்து யாம் கூறும் படிமத்தின் வரலாறு தெளிவாகாது.

பாதையின் முடிவு

பிரேசர் 1894ஆம் ஆண்டளவில், இருபது வயதும் நிரம்பாத நிலையில், ஒரு சிற்றுரு வனைந்தார். குதிரைமேல் அமர்ந்த பழங்குடி வீரன் முன்குனிந்து சோர்ந்திருக்கின்றான். கையிலுள்ள ஈட்டி நிலம் நோக்கித் தாழ்ந்துள்ளது. குதிரையும் தலை தாழ்த்தி, அப்பால் செல்ல நிலமில்லாதது போலக் கால்களை ஒடுக்கி நிற்கின்றது. பின்னிருந்து வீசும் காற்று அதன் வாலை முன்னோக்கித் தள்ளுகின்றது. இதன் பெயர் 'பாதையின் முடிவு'.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் உலகப் பொருட்காட்சிக்காக இவ்வுரு ஏறத்தாழ 18 அடி உயரமுள்ள சாந்துச் சிலையாக எழுப்பப்பெற்றது. அதற்கு இணையாகச் சோலன் போர்க்லம் செய்த 'முன்னோடி' என்னும் வெள்ளைக் குடியேறியின் குதிரையுருவும் ஆங்கு நின்றது. ஒன்று வருவோனையும் மற்றொன்று போவோனையும் குறிப்பனவாக மக்கள் கண்டனர். பசிபிக் கரையை நோக்கி இச்சிலையை வெண்கலத்தில் நிறுத்துதல் வேண்டும் என்ற எண்ணம், முதல் உலகப்போரில் உலோகம் அரிதானமையால் கைகூடவில்லை. காட்சி முடிந்தபின் சாந்துச் சிலை கலிபோர்னியாவின் விசேலியா நகரத்துப் பூங்கா ஒன்றை அடைந்து, வெயிலும் மழையும் பட்டு அரை நூற்றாண்டு நின்றது. 1968இல் ஓக்லகோமா நகரத்து அருங்காட்சியகம் அதனைப் பெற்றுச் செப்பனிட்டது. விசேலியாவில் வெண்கலப் படி ஒன்று நிறுவப்பட்டது. விசுகான்சின் மாநிலத்து வாபன் ஊரில் 1929இலேயே மற்றொரு வெண்கலப் படி நாட்டப்பெற்றிருந்தது.

இறந்தோர்க்கு நினைவுச் சின்னம் எடுத்தல் உலக வழக்கு. இச்சிலையோ வாழ்ந்துகொண்டிருந்த மக்களுக்கு எடுக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பழங்குடியினர் தொகை ஏறத்தாழ 2,37,000 ஆகத் தேய்ந்திருந்தது உண்மையே. ஆயினும் அவர்கள் அழியவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கலப்பு மரபினரையும் சேர்த்துத் தம்மைப் பழங்குடியினர் எனப் பதிந்தோர் ஏறத்தாழ 97 இலக்கம். பிரேசரின் நெஞ்சத்தில் இரக்கம் இருந்தது, அதில் ஐயமில்லை. அவ்விரக்கமே அம்மக்களை முடிந்துபோனோராகக் காட்டியது என்பதும், முடிந்துபோனோர்க்கு நிலமோ உரிமையோ திருப்பித் தரவேண்டுவதில்லை என்னும் எண்ணத்துக்கு அது இடந்தந்தது என்பதும் நோக்கற்பாலன.

உள்ளங்கையில் ஒரு சின்னம்

1913இல் வெளியான ஐந்து சென்ட் காசும் பிரேசர் அமைத்ததே. ஒருபுறம் பழங்குடியினர் முகம், மறுபுறம் காட்டெருமை. அயர்ன் டெயில், டூ மூன்ஸ் என்னும் இருவரும் அம்முகத்துக்கு முன்மாதிரியாயினோருள் அடங்குவர் என்று பிரேசர் கூறியுள்ளார். எருமை நின்ற மேட்டின்மேல் பொறித்த மதிப்பெழுத்து விரைவில் தேய்ந்துவிடும் என அஞ்சி அதே ஆண்டில் அமைப்பைத் திருத்தினர். 1938 வரை இக்காசு அச்சிடப்பெற்றது. நிலம் இழந்தவனும் கொன்றொழிக்கப்பட்ட விலங்கும் ஒன்றன் இருபுறமாக அந்நாட்டு வணிகத்தில் கைமாறின. காசும் ஒரு நினைவுச் சின்னமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ரூஸ்வெல்ட் சிலை

அரசு சார்ந்த நினைவுப் பணிகள் பிரேசருக்குப் பல வாய்த்தன. முதல் உலகப்போர் வெற்றிப் பதக்கம், வாஷிங்டன் கருவூலத்தின் முன்னுள்ள ஹாமில்டன் (1923), கலட்டின் (1947) சிலைகள் ஆகியன அவற்றுட் சில. இவை விரித்துரைக்கத் தக்கனவல்ல. பெரியோர் ஒருவர் நிற்கும் வழக்கமான உருவங்களே.

நியூயார்க்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாயிலில் 1940இல் திறக்கப்பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் சிலை வேறுவகையினது. 1925இல் இப்பணி பிரேசரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் குதிரைமேல் நிமிர்ந்து வீற்றிருக்கின்றார். இருமருங்கும் பழங்குடியினர் ஒருவரும் ஆப்பிரிக்கர் ஒருவரும் கால்நடையாக உடன்செல்கின்றனர். இவ்விருவரும் இரு கண்டங்களைக் குறிக்கும் வழிகாட்டிகள் என்பது பிரேசர் தந்த விளக்கம். ஆயின் காண்போர் கண்ணுக்குப் படுவது விளக்கமன்று, அமைப்பு. ஒருவர் மேலே, இருவர் கீழே. 'பாதையின் முடிவில்' குதிரை பழங்குடியினனுக்கு உரியதாயிருந்தது. ஈண்டு அவன் குதிரையினின்றும் இறக்கப்பட்டுவிட்டான்.

நெடுங்காலம் எழுந்த எதிர்ப்பின் பயனாக, 2020இல் அருங்காட்சியகமே சிலையை அகற்றுமாறு வேண்டியது. 2021இல் நகரத்துக் குழு இசைந்தது. வட டகோட்டாவில் அமையும் ரூஸ்வெல்ட் நூலகத்துக்கு நீண்டகாலக் கடனாக அதனை வழங்க முடிவாயிற்று. 2022 ஜனவரியில் சிலை பீடத்தினின்று இறங்கியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பிரேசரின் பணிக்களத்தில் நினைவுச் சின்னமும் மேற்புலப் பொருளும் ஒரே வேரின என்பது பெறப்படும். யாரை முடிந்தவராகக் கருதுவது, யாரை உயர்த்தி வைப்பது என்னும் வினாவே அவ்வேர். வெண்கலம் அழியாது என்னும் நம்பிக்கையால் நினைவுச் சின்னத்துக்கு அதனைத் தேர்ந்தனர். நிகழ்ந்ததோ மாறானது: அழிந்துபட வேண்டிய சாந்துச் சிலை காக்கப்பட்டது, என்றும் நிற்க வார்த்த வெண்கலம் 82 ஆண்டில் இடம் பெயர்ந்தது. சிலையை நிலைநிறுத்துவது உலோகமன்று, அதன் கீழ் வாழும் மக்களின் உடன்பாடே. சிலைகளைச் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதப் புகுவோர், வார்த்தவர் கருத்தோடு அமையாது, வார்க்கப்பட்டவர் வழியினர் அதனை எவ்வாறு காண்கின்றனர் என்பதையும் ஆராய்தல் கடன்.