பீரங்கிகளுக்கு நடுவே எழுந்த நீதிமன்றம்

போர்களை நடத்தியவர்களின் பெயர்கள் வரலாற்றில் எளிதாக நிலைத்துவிடுகின்றன. போர்க் குற்றவாளிகளை நீதியின்முன் நிறுத்த வேண்டுமென்று குரல் கொடுத்தவர்களின் பெயர்களோ விரைவில் மறக்கப்படுகின்றன. போஸ்னிய முஸ்லிம்களின் துயர வரலாற்றைப் படிக்கும் நாம் மறந்துவிடக் கூடாத அத்தகைய பெயர்களுள் ஒன்று, ஜெர்மானியராகிய கிளாஸ் கின்கலின் பெயர்.

1936ஆம் ஆண்டில் தென்மேற்கு ஜெர்மனியின் மெட்சிங்கன் நகரில் பிறந்த கின்கல், சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். மேடைப் பேச்சினால் அன்றி, அலுவலக உழைப்பினால் உயர்ந்தவர். 1979 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத் துறைக்குத் தலைமை தாங்கினார். பின்னர் நீதி அமைச்சகத்தின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றி, 1991 ஜனவரியில் அதன் அமைச்சரானார். சுதந்திர ஜனநாயகக் கட்சியில் அவர் உறுப்பினரானதும் அவ்வாண்டில்தான்!

அந்நாளில் 'செம்படைப் பிரிவு' என்னும் தீவிரவாதக் குழுவின் கொலைகள் அந்நாட்டை அச்சுறுத்தி வந்தன. 1992 ஜனவரியில் கின்கல் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். பொருத்தமான இடத்தில் அரசும் இணக்கத்திற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே அது. நெடுங்காலம் சிறையிலிருப்போரைச் சட்டத்திற்குட்பட்டு விடுவிப்பது பற்றி எண்ணலாம் என்பது அதன் பொருள். கண்டனங்கள் எழுந்தன. ஆயினும், அவ்வாண்டு ஏப்ரலில் அக்குழு ஆட்கொலைகளை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 1998இல் தன்னைத்தானே கலைத்தும்விட்டது.

1992 மே மாதத்தில் கென்ஷருக்குப் பின் அவர் வெளியுறவு அமைச்சரானபோது, போஸ்னியா எரிந்துகொண்டிருந்தது. சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தது. முஸ்லிம்கள் ஊர் ஊராக விரட்டப்பட்டனர், முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் இலண்டனில் கூடிய மாநாட்டில், இக்கொடுமைகளை விசாரிக்க ஓர் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டும் என்று கின்கல் வலியுறுத்தினார். நீதி அமைச்சகத்தில் ஊறிய மனம், வெளியுறவிலும் சட்டத்தையே தேடிற்று எனலாம். 1993 மே 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 827ஆம் தீர்மானத்தின் வழியே அம்மன்றத்தை ஹேக் நகரில் நிறுவியது.

ஆனால், காவலின்றி நீதி மட்டும் உயிர்களைக் காக்குமா? மன்றம் தோன்றி இரண்டாண்டுகள் கழித்து, 1995 ஜூலையில், ஐ.நா. பாதுகாப்பு வலயமென அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். ஐரோப்பா அதனைத் தடுக்கவில்லை. கின்கலும் அந்த ஐரோப்பாவின் அமைச்சர்களுள் ஒருவரே. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய அகதிகளுக்கு ஜெர்மனி இடமளித்தது. போர் முடிந்தபின் அவர்களுள் பெரும்பாலோரை அதே ஜெர்மனி திருப்பியனுப்பவும் செய்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எழுத வேண்டும்.

எனினும், அந்த மன்றம் வெறும் காகிதமாகப் போய்விடவில்லை. அதன் முதல் விசாரணைக்கு உள்ளான தாதிச் என்பவன், 1994இல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலேயே பிடிபட்டவன். 161 பேர்மீது குற்றம் சாட்டிய அம்மன்றம், 2017இன் இறுதியில் தன் பணியை முடித்துக்கொண்டது. போஸ்னிய செர்பியத் தலைவன் கராட்சிச்சுக்கு அது விதித்திருந்த 40 ஆண்டுச் சிறைத் தண்டனையை, அதன் எஞ்சிய பணிகளை ஏற்ற அமைப்பு 2019 மார்ச் 20 அன்று ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. 1998 வரை வெளியுறவுப் பொறுப்பு வகித்த கின்கல் அத்தீர்ப்பைக் காணவில்லை. அதற்குப் பதினாறு நாட்கள் முன்பு, மார்ச் 4 அன்று, தமது 82ஆம் வயதில் அவர் மறைந்திருந்தார்.

மாண்டவர்களை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. ஆயினும், நடந்தது இனப்படுகொலையே என்பதைச் சான்றுகளோடு அந்த ஏடுகள் பதிந்து வைத்துள்ளன. நாளை எவரேனும் அதனை மறுக்க முற்பட்டால், ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார்களுக்குத் துணையாக நிற்பவை அவைதாம்.