மெதினாசெலி: வானமா, சாலிமா?

ஸ்பெயின் தேசத்துச் சோரியா மாகாணத்தில், ஹலோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றின் தலையில் அமர்ந்திருக்கும் மெதினாசெலி என்னும் சிற்றூருக்கு 'வானகத்து நகர்' என்று பொருள் கூறிப் பரவசமடைவோர் இன்றும் உளர். 'செலி' என்பது இலத்தீனில் 'வானத்தின்' எனப் பொருள்படும். ஊரும் உயரத்தில் இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். குன்றேறிய ஊரெல்லாம் வானூர் ஆகுமானால், காஸ்தீலிய நாட்டில் எத்தனையோ ஊர்களுக்கு அப்பெயரையே இட நேரும்.

'மெதினா' அரபுச் சொல் என்பதில் ஐயமில்லை. நபிகள் நாயகம் அடங்கிய மதீனாவும் 'நகர்' என்னும் பொருளுடைய அதே சொல்தான். மெதினா தெல் காம்போ என்ற ஊரில் அரபும் காஸ்தீலியமும் கலக்கவில்லையா எனில், கலந்தன. ஆயின் வயலைச் சுட்டும் 'காம்போ' உழவனின் வாய்மொழி. வானத்துக்கு அவன் வழங்கும் சொல் 'சியெலோ'. 'செலி'யோ பாதிரிமாரின் ஏட்டுச் சொல். மக்கள் இட்ட பெயராயின் 'மெதினா தெல் சியெலோ' என்றன்றோ நின்றிருக்கும்!

அரபு ஆசிரியர்கள் இவ்வூரை 'மதீனத் ஸாலிம்', அதாவது சாலிமின் நகர், என்றே எழுதினர். 'சலாம்' பிறந்த வேரிலேயே பிறந்தது 'சாலிம்'. ஊனமற்றவன் என்பது பொருள். 'ஸா' எவ்வாறு 'செ' ஆயிற்று என்பார்க்கு வாய்க்காலே சாட்சி: அரபியில் 'ஸாக்கியா' எனப்படும் நீர்க்கால், அரபுச் சுட்டிடைச்சொல்லும் முன்னொட்ட, ஸ்பானிய உழவர் நாவில் 'அசெக்கியா' ஆயிற்று. ஈற்று மகரமும் ஸ்பானியத்தில் நிலைப்பதில்லை. ஆதாம் அங்கே 'ஆதான்' ஆனான், சாலிமிடத்தோ அம்மெய் அறவே நழுவிற்று.

உரோமர் வழங்கிய 'ஒகிலிஸ்' என்னும் பழம்பெயரின் வாலே 'செலி' எனலாகாதோ? ஆகாது, அரபு ஆசிரியர் எழுதியது 'ஸாலிம்' என்றே. உரோமர் இங்கு விட்டுச்சென்றது பெயரை அன்று, வளைவை: நடுவே பெருவாயிலும் இருமருங்கும் சிறுவாயில்களுமாகக் குன்றின் விளிம்பில் அது நிற்கிறது. 946-இல் கொர்தோபா கலீபாவின் தளபதி காலிப் இவ்வூரை எல்லைக்காவல் நகராகப் புதுப்பித்ததும், 1002-இல் அந்தலூசிய ஆட்சியாளர் அல்மன்சூர் படையெடுப்பிலிருந்து மீள்கையில் இங்கே உயிர்நீத்ததும், சாலிமின் பெயர் தாங்கிய நகரிலேதான்.

மகரம் தேய்ந்த படிகளை ஏடு ஏடாகக் காட்டு என்று எதிரிகள் கேட்கட்டும். அசெக்கியாவில் நீர் ஓடும் வரை சாலிமின் ஊரை நான் வானத்துக்கு விட்டுக்கொடேன்.