வேடன் ஊரில் வேட்டைக்குத் தடை

ஊர்ப் பெயரே வேடந்தாங்கல். வேடர்கள் தங்கிய ஊர் என்று அர்த்தம் சொல்வார்கள். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரி. 2019 முதல் செங்கல்பட்டுக் கணக்கில் இருக்கிறது.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே துப்பாக்கியோடு வந்தார்கள். ‘பம்ப் ஆக்‌ஷன்’ ஷாட்கன் பிரபலமாக இன்னும் நூறு வருஷம் இருந்தது. ஒரு வேட்டு வைத்தால், மறுபடி குழலில் மருந்து இடித்துத்தான் அடுத்த வேட்டு. ஆனால் நீர்க்காகமும் நாரையும் கூட்டை விட்டு ஓட, ஒரு சத்தம் போதாதா?

ஊரே கொதித்தது. வெறும் இரக்கம் மட்டுமில்லை காரணம். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். காசில்லாத உரம்! பறவை போனால் விளைச்சலும் போச்சு.

நேரே கலெக்டரிடம் போய் நின்றார்கள். அவர் லயனல் பிளேஸ். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நகை சாத்திய அதே துரை. பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ல் ஊருக்கே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்துக்கு ‘கவுல்’ என்று பெயர்.

அரசு இதைச் சரணாலயமாக்கியது 1936-ல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல்தான் வந்தது. அந்தச் சட்டமும்கூட நம் வீட்டுக் காக்கையைத் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலே 2022 திருத்தத்தில்தான் ஒழிந்தது.

வேடந்தாங்கல்காரர்கள் காகிதத்தை மட்டும் நம்பி உட்காரவில்லை. தீபாவளிக்கும் அங்கே வெடி கிடையாது. பிள்ளைகளுக்கு மத்தாப்போடு சரி!