எறும்புக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்



மரப்பொந்தில் கூடு கட்டும் நம்ம இந்தியத் தேனீயைப் பெட்டியில் வளர்க்க, 1911 முதல் 1917 வரை திருச்சிப் பக்கத்துக் கிராமத்தாருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பாதிரியார் நியூட்டன். அவர் அமைத்த சிறிய பெட்டிக்கு இன்றும் நியூட்டன் பெட்டி என்றே பெயர்.

பெட்டிக்கு வந்தாலும் எறும்பு விடவில்லை. தேனையும் புழுவையும் தேடி ஏறும். தொல்லை மிஞ்சினால் தேனீக் குடும்பம் கூட்டைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். அப்புறம் வெறும் பெட்டிதான் மிச்சம்.

எறும்புக்கு பி.எச்.சி. தூள் தூவிய காலமும் உண்டு. அது தேனீயையும் கொல்லும் விஷம். 1997இல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

நம்ம பாட்டிமார் அலமாரிக் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்களே, அதுதான் பெட்டிக்கும் நல்ல காவல். தாங்கியின் ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

தாம்பரம், வண்டலூர் பக்கம் கொல்லையில் பெட்டி வைத்திருப்பவர்களே, சித்திரை வெயிலில் கிண்ணம் வற்றும். ஐப்பசி மழையில் புற்று நனைந்தால் எறும்பு மேடு தேடி ஏறும். இரண்டு பருவத்திலும் கவனம் வேண்டும். கொசு முட்டையிடாதபடி வாராவாரம் தண்ணீரை மாற்றுங்கள். பெட்டியில் உரசும் புல்லையும் கிளையையும் வெட்டுங்கள். ஒரு கிளை போதும், எறும்புக்கு அதுவே பாலம்.