சர்ப்பகந்தி வேரும் இரத்த அழுத்த மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

உயர் இரத்த அழுத்த மருந்துகளின் வரலாற்றில் 1952ஆம் ஆண்டுக்குத் தனியிடம் அளிப்பது வழக்கம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சிபா நிறுவன ஆய்வாளர்களாகிய முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்த ஆண்டு அது. எனினும் அவ்வேரின் ஆற்றல் ஆய்விதழில் பதிவானது அதற்கு 21 ஆண்டுகள் முன்னராகும். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் ‘இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்’ இதழில், மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்தாக இதனை எடுத்துரைத்தனர். அதே ஆண்டில் டில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரின் காரப்பொருள்கள் சிலவற்றைப் பிரித்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். ஆயினும் வேரின் அமைதியூட்டும் ஆற்றலை இவை முழுமையாக விளக்கவில்லை; அதற்குரிய பொருள் பிசின் பகுதியில் மறைந்திருந்தது. பாசல் ஆய்வாளர்களின் உண்மையான பங்களிப்பு அதனைக் கண்டறிந்ததே.

மேலைநாட்டு மருத்துவர்களின் கவனம் திரும்பியதற்கு, 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் 50 நோயாளரைப் பற்றி எழுதிய கட்டுரையே முதன்மைக் காரணம். முன்னைய இந்தியக் கட்டுரைகள் அறியப்படாமல் போனதற்கு அவற்றின் தரத்தைவிட, அவை வெளிவந்த இடமே காரணம் எனக் கொள்ளலாம்.

இதனை மறுமுனைக்கு இழுத்து, நம் முன்னோர் இரத்த அழுத்த மருந்தை அறிந்திருந்தனர் என்பாரும் உளர். அக்கூற்றும் ஏற்புடையதன்று. நாட்டு மருத்துவம் இவ்வேரைப் பாம்புக்கடிக்கும் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் வழங்கியது. கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா-ரோச்சி அறிமுகப்படுத்தியது 1896இல்தான். அளவீடு இல்லாத காலத்தில் அந்நோய்க்குப் பெயரும் இல்லை.

ரெசர்பின் செயற்படும் முறையும் பின்னரே தெளிவாயிற்று. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் நுண்பைகளில் சேமிக்கப்படுகிறது; நரம்பு தூண்டப்படும்போது வெளிப்பட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ரெசர்பின் அப்பைகளுக்குள் அது புகும் வழியை அடைத்துவிடுகிறது. வெளியே தங்கும் நார்அட்ரினலின் சிதைந்து, இருப்புக் குறைய, குழாய்கள் தளர்ந்து அழுத்தம் தாழ்கிறது. மூளையிலும் இதே குறைவு நேர்வதால் சோர்வு தோன்றும். பேரளவில் உட்கொண்டோரிடம் மனச்சோர்வு கண்டதாக 1950களில் எழுந்த செய்திகள் மருந்தின் மதிப்பைக் குலைத்தன. அவற்றின் வலு பின்னர் ஐயத்திற்குள்ளாயினும் இழந்த மதிப்பு மீளவில்லை.

இதற்கிடையே, அழுத்தத்தைக் குறைப்பதால் பக்கவாதம் முதலியன தடுக்கப்படும் என நிறுவிய அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் 1967, 1970ஆம் ஆண்டு ஆய்வுகளில் வழங்கப்பட்ட மூன்று மருந்துகளுள் ரெசர்பினும் ஒன்று. இச்செய்தி தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்றே தோன்றுகிறது. செடியோ மருந்துத் தேவைக்காக வேரோடு பிடுங்கப்பட்டு அருகிப்போக, 1990இல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டது.